ஊர்ப் பெயர் தாங்கிய எஞ்சின்

மோட்டார் சைக்கிளின் பக்கத்தே மூன்றாவது சில்லொன்றைப் பூட்டி, அதன்மேல் தொட்டில் போன்ற இருக்கை அமைத்து ஓட்டப்படும் வண்டியை நேயர்களிற் பலர் வீதியிலோ படக்காட்சியிலோ கண்டிருப்பர். ஐரோப்பாவிலே இவ்வண்டி பந்தயத்துக்கும் உரியதாயிற்று. பந்தய வண்டியிலே தொட்டிலும் இல்லை, இருக்கையும் இல்லை; ஒரு தட்டும் சில கைப்பிடிகளுமே உண்டு. ஓட்டுபவர் முழந்தாளிட்டுக் குனிந்திருப்பார். துணைவரோ வளைவுக்கு வளைவு இடம் மாறி, ஒருபோது பின்சில்லின் மேற் சாய்ந்தும், மற்றொருபோது தோள் வீதியை உரசுமளவுக்கு வெளியே தொங்கியும், தம் உடற்பாரத்தாலேயே வண்டியைக் கவிழாது காப்பார். ஒருவர் தவறினால் இருவர்க்கும் கேடு.

இப்பந்தயத்துக்கான உலகப் பட்டம் 1949 இல் ஏற்பட்டது. எஞ்சினின் கொள்ளளவு 500 கன சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது என்பது 1951 முதல் அக்கால விதியாக இருந்தது. 1954 தொடங்கி 1974 வரையுள்ள இருபத்தொரு ஆண்டுகளில் பத்தொன்பது முறை இப்பட்டத்தை வென்றவர்கள் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. எஞ்சினையே பூட்டியிருந்தனர். எஞ்சிய இரண்டு முறையும் வென்ற எஞ்சின் பெருந்தொழிற்சாலையொன்றிற் பிறந்ததன்று. ஊர்சன்பாக் என்னும் சிற்றூரிலே, ஹெல்முட் ஃபாத் என்பவர் தம் பட்டறையில் ஆக்கியது அது. ஊரின் பெயரைச் சுருக்கி அதற்கு ‘ஊர்ஸ்’ என்று பெயரிட்டார். தமிழ்ச் செவிக்கு அப்பெயரில் ‘ஊர்’ என்ற சொல் ஒலிப்பது தற்செயலே. ஆயினும் பொருத்தமான தற்செயல்.

ஃபாத் பி.எம்.டபிள்யூ. எஞ்சினை அறியாதவர் அல்லர். 1960 இல் அவரும் அவருடைய துணைவர் அல்ஃபிரட் வோல்கெமுத்தும் அவ்வெஞ்சினைக்கொண்டே உலகப் பட்டம் பெற்றனர். 1961 இன் முதற் போட்டியை ஸ்பெயினிலே வென்றதும் அவர்களே. அதன் பின் சின்னாட்களிலேயே ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுகளத்தில் அவர்களின் வண்டி விபத்துக்குள்ளாயிற்று. வோல்கெமுத் உயிரிழந்தார். ஃபாத் படுகாயமுற்று நெடுங்காலம் களத்துக்கு வெளியே இருந்தார்.

தோழனைப் பறிகொடுத்து உடலும் நைந்த ஒருவர் பந்தயத்தையே துறந்திருப்பின் யாரும் குறை கூறியிரார். ஃபாத் துறக்கவில்லை. பிறர் ஆக்கிய எஞ்சினை நாடிச் செல்லவுமில்லை. பீட்டர் கூன் என்னும் பொறியியலறிஞரின் துணையோடு, வெறுந் தாளிலிருந்து புதிய எஞ்சினொன்றை வரையத் தொடங்கினார். இதனைத் துணிவென்பதா, பிடிவாதமென்பதா? இரண்டுக்கும் இடையே வேலி அத்துணை உயரமானதன்று.

பி.எம்.டபிள்யூ. எஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர்கள். அவை இடமும் வலமுமாகப் படுத்துக் கிடப்பதால் வண்டியின் பாரம் நிலத்தோடு ஒட்டியிருக்கும். மூன்று சில்லு வண்டிக்கு இதனினும் வாய்ப்பான அமைப்பு அரிது. அதனை வெல்ல வேண்டுமாயின் வேறு வழி தேடவேண்டும். ஃபாத் தேர்ந்த வழி, அதே கொள்ளளவை நான்கு சிலிண்டர்களாகப் பகுப்பது.

பகுப்பதால் வரும் பயன் யாது? 1954 இல் விற்பனைக்கு வந்த பி.எம்.டபிள்யூ. பந்தய எஞ்சினில் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் 72 மில்லிமீற்றர் பயணஞ் செய்தது. நிமிடத்துக்கு 8,000 சுற்றுச் சுழலும்போது அதன் சராசரி வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 19 மீற்றர். ஊர்ஸ் எஞ்சினில் அப்பயணம் 44 மில்லிமீற்றரே. ஆகவே அது 13,000 சுற்றுச் சுழன்றாலும் பிஸ்டனின் வேகம் அதே 19 மீற்றர்தான். பிஸ்டனைப் பொறுத்தவரை ஓட்டம் ஒன்றே. ஆனால் அதே நேரத்தில் எஞ்சின் உட்கொள்ளும் காற்றும் எரிக்கும் பெற்றோலும் மிகுதி. வலுவும் அதற்கேற்ப உயரும். ஊர்ஸ் தந்த வலு சுமார் 80 குதிரை வலு என்பர்.

தாளிலே இக்கணக்கு இனிமையானது. உலோகத்துக்கு அது இனிமையன்று. 13,000 சுற்றென்றால் ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு செக்கனில் இருநூற்றுக்கு மேற்பட்ட முறை மேலே சென்று நின்று, திரும்பிக் கீழே வந்து நிற்கவேண்டும். ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு நூறு முறைக்கு மேல் திறந்து மூடவேண்டும். வில்லின் விசை சற்றே குறையினும் வால்வு உரிய காலத்தில் இருக்கைக்குத் திரும்பாது. திரும்பாத வால்வைப் பிஸ்டன் தாக்கும். தாக்கினால் எஞ்சின் நொறுங்கும். சுற்று இருமடங்கானால் அசையும் உறுப்புகளின் உதைப்பு நான்கு மடங்காகும். ஆதலின் ஒவ்வோர் உறுப்பிலும் தேவையற்ற ஒவ்வொரு கிராமையும் அராவி எடுக்கவேண்டும். அளவு மீறி அராவினால் உறுப்பு முறியும். எங்கே நிறுத்துவது என்பதை நூல் ஓரளவே சொல்லும். மிகுதியை முறிந்த துண்டுகளே சொல்லும்.

மற்றொரு இடருமுண்டு. மிகு சுழற்சியில் வலுத் தரும் எஞ்சின் தாழ்ந்த சுழற்சியிற் சோர்ந்துவிடும். தனி மோட்டார் சைக்கிளினும் பாரமான வண்டி, அதில் இருவர். வளைவிலிருந்து வெளிவரும்போது இழுவை வேண்டும். எனவே ஓட்டுபவர் கியரை ஓயாது மாற்றி, எஞ்சினை அதன் குறுகிய உயர்வெல்லைக்குள்ளேயே வைத்திருத்தல் வேண்டும். ஆக்கியவரே ஓட்டுபவராகவும் இருந்தமை இங்கே பெரும்பேறு. எஞ்சின் எதைப் பொறுக்கும், எதைப் பொறுக்காது என்பதை அவருக்கு வேறொருவர் சொல்லவேண்டியிருக்கவில்லை.

1966 இல் ஊர்ஸ் களத்துக்கு வந்தது. விரைவு உண்டு, நிலைப்பு இல்லை. விரைந்தோடிய வண்டி இறுதிக் கோட்டை எட்டாது நின்றுபோன பந்தயங்கள் பல. வலுவுள்ள எஞ்சினை ஆக்குதல் ஒன்று. பந்தயம் முடியும் வரை அது உடையாதிருக்கச் செய்தல் வேறொன்று. பின்னையதே நெடுங்காலத்தை உண்டது. தொழிற்சாலையொன்றாயின் உடைந்த பாகத்துக்கு ஈடாகப் பத்துப் பாகம் வார்த்து அனுப்பும். இங்கோ உடைத்தவரும் காரணம் தேடியவரும், அடுத்த பந்தயத்துக்கு முன் மீண்டும் பூட்டியவரும் ஒருவரே.

1968 இல் ஃபாத்தும் அவருடைய புதிய துணைவர் வொல்ஃப்காங் கலௌகும் உலகப் பட்டத்தை வென்றனர். அவ்வாண்டு ஜேர்மன் போட்டி நடந்த இடம் நூர்பர்க்ரிங். ஏழாண்டுகளுக்கு முன் வோல்கெமுத்தை இழந்த அதே ஓடுகளத்திலே, தாமே ஆக்கிய எஞ்சினோடு ஃபாத் முதலாவதாக வந்தார். அன்று அவர் உள்ளத்தில் என்ன இருந்ததென்று பிறர் எழுதப் புகுதல் தகாது.

1969 இல் பின்லாந்திலே மீண்டும் விபத்து, கால் முறிந்தது, கைக்கெட்டிய பட்டம் நழுவிற்று. பின்னர் அவ்வெஞ்சின் பிறர் கைக்கு மாறியது. 1971 இல் ஹோர்ஸ்ட் ஓவெஸ்லே அதனைப் பூட்டி ஊர்ஸின் இரண்டாம் உலகப் பட்டத்தைப் பெற்றார். 1972 முதல் மூன்றாண்டு பட்டம் பி.எம்.டபிள்யூ. எஞ்சினுக்கே மீண்டது. 1975 இலோ வென்றது இவ்விரண்டுமன்றி, படகுகளுக்கென ஆக்கப்பட்ட எஞ்சினின் வழிவந்த கோனிக் என்னும் ஈரடிப்பு எஞ்சின். ஃபாத்தும் தம் பட்டறையில் ஈரடிப்பு எஞ்சின்களைச் செப்பஞ் செய்யத் தலைப்பட்டார். அவர் 1993 இற் காலமானார்.