சவரக்கத்தியும் கல்லின் வரிசையும்

(நெய்வேலி நகரியத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தின் முடிவில் இளைஞர் ஒருவர் எழுந்து, "சவரக்கத்தி தீட்டுதற்கு எத்தனை கல் வேண்டும்? எதன்பின் எதனை வைத்தல் வேண்டும்?" என்று வினவினார். அவையிலிருந்த முதியோர் பலர் அதன் விடையை அறிவர். ஆயினும் அவ்விடை அவர்தம் கையில் இருந்ததேயன்றி நாவில் எழவில்லை. ஆதலின் அதனை எழுத்தில் அமைத்து வருமாறு என்னைப் பணித்தனர். யான் கத்தி பிடித்து உண்பவனல்லேன். கத்தி பிடித்தவர் உழைப்பால் உண்டு வளர்ந்தவன். அக்கடனிற் சிறிது தீர்க்கும் வாயிலாக இதனைக் கருதி இசைந்தேன்.

முதற்கண் ஓர் உண்மையை நினைவூட்ட விரும்புகின்றேன். நம் முன்னோர் மழிப்பதோடு அமைந்தவரல்லர். கட்டியைக் கீறினர், புண்ணை ஆற்றினர், நம் தாய்மார் மகப்பேறு பார்த்தனர். மருத்துவர் என்னும் பெயர் நமக்கு வாய்த்தது இதனாலேயாம். ஆதலின் கத்தியின் கூர் நமக்கு அழகுப்பொருள் மட்டும் அன்று. அது மருத்துவப்பொருளும் ஆகும்.

பழைய வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையின் சூத்திரஸ்தானத்து எட்டாம் அத்தியாயம் இவ்விஷயத்தை நன்கு பேசுகின்றது. ஆயுதம் தீட்டுதற்கு உளுந்தின் நிறமுடைய வழவழப்பான கல்லும், தீட்டிய வாயை நிலைநிறுத்துதற்கு இலவ மரப்பலகையும் வேண்டுமென்று அந்நூல் விதிக்கின்றது. பிளக்கும் கருவிக்கு வாய் மசூர்ப்பருப்பின் கனமும், சுரண்டும் கருவிக்கு அதிற் பாதியும், துளைத்துக் குருதி வடிக்கும் கருவிக்கு மயிரின் கனமும், அறுக்கும் கருவிக்கு மயிரிற் பாதியும் இருக்கவேண்டுமென வகுக்கின்றது. மயிரை அறுக்கும் கூர் உண்டாயின், அதுவே தீட்டியதற்குச் சான்று என்பதும் அந்நூலின் கொள்கை. நம் பாட்டன்மார் முழங்கை மயிரிற் கத்தியைச் சோதித்தது கண்டு நகைத்தவர் உண்டு. அச்சோதனை எத்துணைப் பழமையுடையது என்பதை அவர் அறியார் போலும்!

இனி வினாவிற்கு வருவோம். கல் செய்யும் வேலை யாது? கூராக்குதல் என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். உண்மையில் ஒவ்வொரு கல்லும் இரும்பைக் கீறுகின்றது. பருங்கல் ஆழமாகக் கீறும். நுண்கல் ஆழமின்றிக் கீறும். ஆதலின் முதற்கல்லின் வேலை வாயை உருவாக்குவது; பின்வரும் ஒவ்வொரு கல்லின் வேலையும் தனக்கு முன்வந்த கல்லின் தழும்பை அழிப்பது. வரிசை என்பதன் பொருள் இதுவே.

நெய்வேலியில் வாழும் நமக்கு இதனை விளக்குதல் எளிது. இங்கே பழுப்பு நிலக்கரியின்மேல் கடலூர் மணற்கல் அடுக்கு கிடக்கின்றது. சுரங்கத்தில் வேலை பார்க்கும் நம் உறவினரைக் கேளுங்கள்: மண்வெட்டும் பெருஞ்சக்கர இயந்திரத்தின் எஃகுப் பற்களை அம்மணற்கல் எவ்வளவு விரைவில் தேய்த்துவிடும் என்று சொல்லுவர். கரடான மணி இரும்பை விரைந்து உண்ணும். ஆனால் அது வாய் கொடுக்குமா? கொடாது. விரைவு ஒன்று; நுண்மை வேறொன்று.

இக்காலத்துக் கற்களுக்கு எண் இட்டு விற்கின்றனர். எண் ஏற ஏற மணி நுண்ணிதாகும். ஜப்பானியர் அளவுப்படி 1000 எண் கல்லின் மணி ஏறத்தாழ 12 மைக்ரான். 4000 எண்ணுக்கு 3 மைக்ரான். 8000 எண்ணுக்கு 1 மைக்ரானிற் சற்று மிகுதி. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான் என்று கொண்டால் இவற்றின் நுண்மை விளங்கும்.

வாய் சிதைந்த கத்திக்கு 1000, 4000, 8000 என்னும் மூன்று படிகள் போதும், அதன்பின் தோல்வார். 4000 ஒரு முகமும் 8000 மறு முகமுமாக ஒரே கல்லில் அமைந்தும் கிடைக்கின்றது. வசதியுடையார் 12000 எண் கல்லொன்று சேர்த்துக்கொள்ளலாம். 1000 எண்ணிலிருந்து 12000 எண்ணுக்கு ஒரேயடியாகத் தாவுதல் மட்டும் கூடாது. ஏனெனில், நுண்கல் அவ்வாழ்ந்த தழும்பை அழிக்க நாளெல்லாம் தேய்த்தாலும் போதாது. மேலே மினுக்கும், வாயிற் பல்லிருக்கும், முகம் எரியும்.

மற்றொன்றும் உண்டு. வாய் சிதையாமல் சற்றே மழுங்கிய கத்தியை 1000 எண் கல்லில் வைத்தல் வீண் சேதம். அதற்கு 8000 எண் கல்லிற் சில இழுப்பே போதும். தலைவலிக்கு அறுவை செய்யும் மருத்துவர் உண்டோ?

முறையையும் சுருங்கச் சொல்லுவேன். சவரக்கத்தியைக் கல்லிற் படுக்கவைத்தால் முதுகும் வாயும் ஒருங்கே படியும். ஆதலின் சாய்வு தேடும் கவலை நமக்கில்லை. கத்தியைச் செய்தவனே அதனை அமைத்துவைத்தான். நீர் தெளித்து, வாய் முன்செல்லத் தள்ளி, முதுகின்மேல் திருப்பி, மீளவும் வாய் முன்வர இழுத்தல் வேண்டும். தோல்வாரில் இதற்கு மாறாக முதுகே முன்செல்லும். கையை அழுத்தலாகாது, கத்தியின் கனமே பெரும்பாலும் போதும். வாய் முழுதும், அடிமுதல் நுனிவரை, முழங்கை மயிரை அறுத்தாலன்றி முதற்கல்லை விட்டு நீங்கலாகாது. கல்லின் முகமும் சமமாக இருத்தல் வேண்டும். பென்சிலாற் கோடுகள் இட்டு, சமமான கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்தால், கோடு அழியாது நிற்கும் இடம் பள்ளம் என்று அறியலாம்.

உலகெங்கும் நம் தொழிலார் இக்கல்லைத் தேடியலைந்தனர். பெல்ஜிய நாட்டு ஆர்டென் மலைப்பகுதியின் மஞ்சட்கல்லும், ஜெர்மானிய நாட்டுத் துரிங்கியாவின் கல்லும் பெயர் பெற்றவை. அமெரிக்காவின் ஆர்க்கன்சா கல்லுக்கு நோவாகுலைட் என்பது பெயர். இலத்தீனத்தில் நோவாகுலா என்றால் சவரக்கத்தி. நம் நாடும் பின்தங்கியதன்று. மிக்க கடினமுடைய கனிமமொன்றை உலகம் கோரண்டம் என்று வழங்குகின்றது. அப்பெயர் நம் தமிழ்க் குருந்தத்தினின்று சென்றதாம். இன்று ஆலைகளிற் செய்யப்படும் தீட்டுக்கற்கள் பலவற்றில் இருப்பதும், செயற்கையாக ஆக்கிய அப்பொருளே.

இவ்வளவும் சொல்லும் யான் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பள்ளியிற் பயின்ற நாளில், தந்தையார் தொழில் யாது என்று கேட்டபோது "விவசாயம்" என்று சொன்னேன். எந்தையார் அதனை அறிந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் மறைந்தபின் அவருடைய அடைப்பம் பரண்மேற் கிடந்தது. அதிலிருந்த கருங்கல்லை எடுத்து அரிவாள்மணை தீட்ட அடுக்களையிற் கொடுத்தவன் யானே. பத்தாண்டில் அதன் நடு குழிந்துவிட்டது. ஒருநாள் எங்கள் வீட்டிற்கு வந்த முதியவர் ஒருவர் அக்கல்லைக் கண்டு கையிலெடுத்து விரலால் தடவி, "தம்பி, உங்கப்பா இதை வேறொருவர் கையில் கொடுக்கமாட்டார்" என்று மட்டும் கூறினார். யான் தலைகுனிந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை அக்கல்லைத் தேய்த்துச் சமமாக்கினேன். இன்று யான் பேசும் வரிசை, பின்னர் அப்பெரியவரிடம் பாடம் கேட்டது. இலக்கணம் கற்ற எனக்கு எழுத்து, சொல், பொருள் என்னும் முறைவைப்பு புதிதன்று. அதே முறைவைப்பு என் வீட்டுப் பரண்மேற் கிடந்ததை மட்டும் அறிந்திலேன்.

இனி ஒருவர் கேட்கலாம்: "கடைகளில் இப்போது மாற்று அலகன்றோ வழங்குகின்றது? கல் எதற்கு?" என்று. நியாயமான கேள்வியே. 1986ஆம் ஆண்டு சென்னையில் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர், ஒருவர்க்கு ஓர் அலகு என்னும் வழக்கம் நாடெங்கும் பரவிற்று. மஞ்சட்காமாலைக் கிருமிகளும் குருதி பட்ட கத்தியாற் பரவுவன. ஆதலின் அவ்வழக்கம் நன்று. அதனைக் கைவிடுமாறு யான் ஒருகாலும் சொல்லேன். ஒரே கத்தியைப் பலர் முகத்தில் வைத்தல் மருத்துவர் என்னும் பெயருக்கு இழுக்காம்.

ஆயினும், தமக்கென்று சொந்தக் கத்தி வைத்துத் தாமே மழித்துக்கொள்வார் இன்று பெருகி வருகின்றனர். அவர் கத்தியைத் தீட்டிக்கொடுக்க அறிந்த கை எங்கே? நம் கத்தரிக்கோலையோ யாரிடமோ கொடுத்துச் சாணைபிடித்து, அதன் உட்புறத்தையும் தேய்த்துக் கெடுத்துக்கொள்கின்றோம். கத்தரிக்கோலின் வெளிச்சாய்வையே தீட்டல் வேண்டும் என்பதை நம் பிள்ளைகள் அறியாதிருக்கலாமோ?

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரண்மேலும் ஓர் அடைப்பம் இருக்கும். அதனை இறக்குங்கள். அடுத்த கூட்டத்திற்குக் கல்லைக் கொண்டுவாருங்கள். குழிந்திருப்பினும் நாணவேண்டா, சமமாக்கிக்கொள்ளலாம். முதியோர் தீட்டிக் காட்டட்டும், இளைஞர் பார்த்துப் பழகட்டும், யான் எழுதிக்கொள்கின்றேன். கல்லைப் பிடித்த கைகள் இன்னும் நம்மிடையே உள்ளன. அவை உள்ளபோதே கற்றுக்கொள்வோம்.