நம்ம ஜமக்காளம் எந்த ஊர்?

(நமது குடியிருப்பின் பொங்கல் விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். தூக்கம் வருவதற்குள் முடித்துவிடுவதாகச் செயலாளருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஜமக்காளத்தைக் கொஞ்சம் பாருங்கள். நடுவில் நைந்து போய்விட்டது. கூடத்துக்குப் புதிதாகப் பன்னிரண்டு வாங்கலாம் என்று சென்ற கமிட்டிக் கூட்டத்தில் பேசினோம். இரண்டு கொட்டேஷன் வந்திருக்கின்றன. இரண்டிலும் 'பவானி ஜமக்காளம்' என்றுதான் இருக்கிறது. ஆனால் ஒன்றின் விலை மற்றதில் பாதிகூட இல்லை. "பாதி விலைக்குக் கிடைக்கும்போது யோசிப்பானேன்?" என்று சிலர் கேட்டீர்கள். மெயின்டனன்ஸ் பணம் எல்லோருடையது. கேட்க வேண்டிய கேள்விதான்.

அந்தப் பாதி விலை ஜமக்காளத்தை நான் ஏற்கெனவே வாங்கியவன். மகளின் வளைகாப்புக்காகத் தாம்பரத்தில் ஒரு கடையில் நான்கு எடுத்தேன். பெரிய எழுத்தில் பவானி என்று ஒட்டியிருந்தது. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த அத்தை உட்காரும்போதே ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "இது நம்மூருச் சமுக்காளம் இல்ல கண்ணு" என்றார். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மறுவாரம் கடைக்குப் போய், "பில்லில் கைத்தறி என்று எழுதித் தாருங்கள்" என்றேன். "சார், அதெல்லாம் எழுத மாட்டோம், வேண்டாம்னா வெச்சிட்டுப் போங்க" என்று பதில் வந்தது.

பவானியில் காவிரியும் பவானியாறும் கூடுகிற இடம் உங்களில் பலர் போன ஊர்தான். அங்கே பரம்பரையாகத் தறியில் நெய்யப்படுகிற ஜமக்காளத்துக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகலமான ஜமக்காளம் என்றால் ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவை ஒருவர் தள்ள மற்றவர் வாங்கி நெய்வார்கள். அந்த இரண்டு பேருடைய கூலியும் விலைக்குள் இருக்கிறது. விசைத்தறி அதைப் பாதியில் முடிக்கும். இது நடக்கக் கூடாது என்றுதான் 1985-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. சில ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்கிற சட்டம் அது. இப்போது அந்தப் பட்டியலில் இருக்கும் 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. 1993-ல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. இருந்தும் சோலாப்பூர்ப் பக்கத்து விசைத்தறிச் சரக்கு பவானி பெயரில் விற்கிறது என்று நெசவாளர்கள் பல வருடமாகப் புலம்புகிறார்கள். பவானியில் இன்று தறியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

"விசைத்தறிக்காரரும் தொழிலாளிதானே, வெளியூர்க்காரர் பிழைக்கக் கூடாதா?" என்று நம் சி பிளாக் நண்பர் கேட்டார். என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்த கேள்வி அது. அமெரிக்காவில் 1992-ல் இதே போல ஒரு சண்டை நடந்தது. துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துக் கையால் தைக்கிற கனத்த போர்வையை அவர்கள் க்வில்ட் என்பார்கள். நம் ரஜாய்க்குச் சித்தி மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த பழைய க்வில்ட்டுகளைப் போலவே சீனாவில் தைத்து விற்க ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. க்வில்ட் தைக்கும் அமெரிக்கப் பெண்கள் கொதித்துப் போனார்கள். எங்கள் பாட்டிமார் கைவேலையை மலிவாக இறக்குமதி செய்து எங்கள் பிழைப்பில் கைவைப்பதா, நாளைக்கு இதையே அசல் பழசு என்று விற்றால் யார் கேட்பது என்றார்கள்.

அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சீனாவில் தைத்த பெண்ணின் கையும் கைதானே? நமக்கு இது புதிதல்ல. சானடோரியம் மெப்ஸ் வாசலில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் நின்று பாருங்கள். வெளிநாட்டுக்காரர் உடுத்துகிற துணியைத் தைத்துவிட்டு நம் பெண்கள் பஸ் பிடிக்க ஓடுவார்கள். கரூர்ப் படுக்கை விரிப்பு அமெரிக்காவுக்கே போகிறது. அவர்களுக்கு அதுதான் மலிவு இறக்குமதி. அதனால் 'வெளியூர்ச் சரக்கு வாங்காதே' என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லவும் எனக்கு வாய் இல்லை. கரூர்க்காரர் கரூர் என்று போட்டு விற்கிறார். சோலாப்பூர் ஜமக்காளம் என்று போட்டு ஒருவர் விற்றால், அது சட்டத்துக்கும் அவருக்கும் உள்ள விவகாரம். பவானி என்று போட்டு விற்கிறபோது தறியில் இருக்கிற கிழவரின் சட்டைப் பையில் நானும் கைவிட்டவன் ஆகிறேன். முதல் முறை தெரியாமல் செய்தேன். இனி தெரியாது என்று சொல்ல முடியாது.

கமிட்டிக்கு என் வேண்டுகோள் இது. பன்னிரண்டுக்குப் பதில் ஆறு வாங்குவோம். மற்றவர்களுக்கு நாற்காலி இருக்கிறது. முட்டிவலிக்காரர்கள் எப்படியும் கீழே உட்காருவதில்லை, என்னையும் சேர்த்து. பவானி கூட்டுறவுச் சங்கத்திலோ கோ-ஆப்டெக்ஸிலோ கேட்போம். வேறு கடையானால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்ப்போம், பில்லில் 'கைத்தறி' என்று எழுதி வாங்குவோம். எழுதித் தராதவரிடம் வாங்க வேண்டாம்.

அத்தை ஊரிலிருந்து அனுப்பிய ஒன்றும், நான் ஏமாந்து வாங்கியதில் ஒன்றும் அலுவலக அறையில் விரித்து வைத்திருக்கிறேன். ஞாயிறு மாலை வரை இருக்கும். வந்து தடவிப் பார்த்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்.