முடியும், வரும், ஆகும்: கரிசல் வழக்கில் ஆற்றற் சொற்கள்



வட்டம் பத்தாண்டு நிறைவெய்தும் இவ்விழாவில் கவிதை குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். நான் கவிதைக்குள் புகாமல், அதன் வாசற்படியில் நாம் மிதித்துச் செல்லும் சில சிறு சொற்களைப் பற்றிப் பேச விழைகின்றேன். 'முடியும்', 'வரும்', 'ஆகும்', 'மாட்டேன்' என்பன அவை. ஒருவரது ஆற்றலையும் ஆற்றாமையையும் சொல்ல நமக்கு வாய்த்தவை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்ட காட்சி. ஆண்டின் இடையிலேயே வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்ட மாணவன் ஒருவனின் தாய் வந்திருந்தார். தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். "உங்கள் பையனால் படிப்பைத் தொடர முடியுமா, முடியாதா?" என்று எழுத்தர் வினவினார். "அவனுக்குப் படிப்பு நல்லா வரும் சார். என்னாலதான் ஆகாது" என்றார் அத்தாய். எழுத்தர் பதிவேட்டில், 'மாணவனால் தொடர இயலாது' என்று எழுதி முடித்தார். அருகில் நின்ற நான் தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள்; அந்த வரியைப் படித்தும் பிழையென்று எனக்குத் தோன்றவில்லை. இரவு உறங்கப் போகையில்தான் உறைத்தது.

'அவனுக்கு வரும்' என்பதில் நான்காம் வேற்றுமை. 'என்னால் ஆகாது' என்பதில் மூன்றாம் வேற்றுமை. நீச்சல், பாட்டு, படிப்பு, கணக்கு ஆகியவை ஒருவனுக்கு 'வரும்'; அல்லது 'தெரியும்'. அங்கே ஆற்றல் தானே வந்து அவனிடம் சேர்கிறது. ஆனால் பணம், உடல்வலிமை, நேரம் ஆகியவற்றைச் செலவிட்டுச் செய்யவேண்டிய செயல் ஒருவனால் 'முடியும்' அல்லது 'ஆகும்'. திறமை வேறு, வசதி வேறு என்ற தெளிவை அந்தத் தாய் இரண்டு உருபுகளில் வைத்தார். 'இயலாது' என்ற ஒற்றைச் சொல் இரண்டையும் குழப்பி, குறையைப் பையன் தலையில் ஏற்றிவிட்டது.

இப்பாகுபாடு கரிசலில் தமிழுக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர்களில் தெலுங்கு பேசுவோர் 'நாக்கு ஈத்த ராது' என்பர். எனக்கு நீச்சல் வராது என்பதே அது. 'நா வல்ல காது' என்றால் என்னால் ஆகாது. வீட்டு மொழி எதுவாயினும் பிரிவு ஒன்றே. மலையாளத்தில் 'கழியும்' என்பது இயலும் என்றும் முடிவுறும் என்றும் இருபொருள் தருவது, நம் 'முடியும்' போலவே. ஆங்கிலத்தின் 'கேன்' என்ற வினைகூடப் பழைய காலத்தில் 'அறிதல்' என்னும் பொருளுடையதாய் இருந்ததே. கடந்த காலத்தில் ஒருமுறை செய்து முடித்த செயலுக்குக் 'குட்' என்னாமல் 'வாஸ் ஏபிள் டு' என்று எழுதுமாறு ஆங்கில இலக்கண ஆசிரியர்கள் மாணவரை வருத்துவர். நமக்கு அந்த வருத்தமில்லை. 'என்னால் வர முடிந்தது' என்றால் வந்துவிட்டேன் என்பது அதிலேயே அடங்கும்.

ஆங்கிலேயர் 'கேன் யூ' என்று தொடங்கினால் அது பெரும்பாலும் வேண்டுகோள். ஆற்றலைச் சோதிக்கும் வினா அன்று. அதனை அப்படியே பெயர்த்து, 'உப்பை எடுத்துத் தர முடியுமா?' என்று நம் ஊர்ப் பந்தியில் பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "ஏன், எனக்குக் கையில்லையா?" என்பார். 'அந்த உப்பை இப்படித் தள்ளுங்க' என்பதே நம் மரியாதை. நகரத்துத் தமிழில் 'முடியுமா' வேண்டுகோளாகப் பரவிவிட்டது. அதை நான் குறைசொல்லவில்லை, ஆனால் ஒரு கிழவியின் வாயில் கவிஞர் அதை வைக்கும்போது காது உறுத்துகிறது.

'மாட்டேன்' என்பதன் கதை இன்னும் சுவையானது. பழைய நூல்களில் அதற்கு 'ஆற்றலற்றவன்' என்றே பொருள்; மாட்டாமை என்பது இயலாமை. இன்றோ அது பிடிவாதம். ஆனால் மழை பெய்த மறுநாள் கரிசலில் இறங்கிய உழவர், 'ஏர் இறங்க மாட்டேங்குது' என்கிறார். மண் சேறாய்க் கலப்பையில் அப்பிக்கொள்கிறது; பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே இயலாமை ஏருக்கா, மறுப்பு மண்ணுக்கா? இரண்டு காலத்துப் பொருளும் ஒரு சொல்லில் கூடி நிற்கின்றன. இதைவிடப் பெரிய படிமத்தை எந்த அகராதியிலிருந்து நாம் எடுக்கப் போகிறோம்?

'மேலுக்கு முடியலை' என்றால் உடல்நலக் குறைவு. 'சொல்லி மாளாது' என்றால் சொல்லித் தீராது. ஒரு மாணவி கட்டுரையில் 'களையெடுத்து மாளவில்லை' என்று எழுதியதைச் சிவப்பு மையால் அடித்து, 'களையெடுக்க இயலவில்லை' என்று திருத்தியவள் நான். அவள் எடுத்துக்கொண்டேதான் இருந்தாள்; களைதான் தீரவில்லை. என் திருத்தம் அவளைச் சோம்பேறியாக்கிவிட்டது. பட்டம் எதுவும் பெறாத கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வழக்குச் சொற்களுக்கு அகராதி தொகுத்தளித்தார். பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. அந்த இடைசெவலிலிருந்து சில கல் தொலைவில் பாடம் நடத்தும் நாங்கள் சிவப்பு மையோடு திரிந்தோம்.

வட்டத்தின் இளங்கவிஞர்கள் பொறுத்தருள வேண்டும்: உங்கள் கவிதைகளில் 'இயலாமை' மிகுதியாய் வருகிறது. அந்த இடத்தில் வராததா, ஆகாததா, மாளாததா, மாட்டாததா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

அந்தப் பதிவேட்டைச் சொல்லாமல் விட்டேன். மறுநாள் எழுத்தரிடம் சென்று வரியை மாற்றச் சொன்னேன். "என்ன எழுதட்டும், அம்மா?" என்றார். அந்தத் தாய் சொன்னதையே எழுதுங்கள் என்றேன். "அலுவலகப் பதிவில் பேச்சுத் தமிழா?" என்று தயங்கியவர், நெடுநேரம் யோசித்து, 'மாணவன் நன்கு படிப்பவன், கட்டணம் செலுத்தக் குடும்பத்தால் ஆகவில்லை' என்று எழுதினார். 'ஆகவில்லை' என்பதை மட்டும் அவர் விட்டுவிடவில்லை. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து கட்டணத்தைச் செலுத்தினோம். அடுத்த திங்கட்கிழமை பையன் கடைசி வரிசையில் வந்து அமர்ந்திருந்தான்.