காரணம் என்ற கட்டம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. நண்பர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



என்னைப் பேச அழைத்தபோது சங்கச் செயலாளர் அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "தம்பி, இருபது நிமிஷம்தான். அப்புறம் சாப்பாடு. பசியோட இருக்கிறவங்ககிட்ட பாய்லரைப் பத்திப் பேசிடாதே" என்றார். ஆகவே இன்று இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சமும், மனிதனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவும் பேசுகிறேன். போதை, மனநோய், குற்றம் இவை மூன்றையும் பற்றிய ஆராய்ச்சி நம் நாட்டில் வளர்ந்த கதைதான் என் பொருள். மெக்கானிக்கல் படித்தவனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் சிரிப்பது தெரிகிறது. சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய சம்பந்தம்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். பிரஸ் ஷாப்பில் நான் ஷிஃப்ட் இன்ஜினியர். ஒருநாள் காலை எட்டரை மணிக்கு ஒரு ஆபரேட்டருக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அவர் நம்ம அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றியபோது வாயில் மதுவாடை அடித்தது. முந்தின நாள் ராத்திரி குடித்த வாடை. மத்தியானம் விபத்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன். அச்சடித்த படிவம். அதில் 'காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம். ஐந்து விரற்கடை அகலம்கூட இருக்காது. நான் எழுதியது இரண்டே சொல்: மது போதை. கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ராத்திரி ஃபிட்டர் ஒருவர் என் அறைக்கு வந்தார். "சார், அந்த மிஷின் ஒரு மிதிக்கு ரெண்டு அடி அடிக்குதுன்னு மூணு நாளா நோட்டுல எழுதிட்டிருக்கோம். நீங்க பாக்கலையா?" என்றார். ஓடிப்போய் ஷிஃப்ட் நோட்டைப் புரட்டினேன். மூன்று நாளும் எழுதியிருந்தது. பெடலை ஒரு தடவை மிதித்தால் பிரஸ் ஒரு தடவைதான் இறங்க வேண்டும். கிளட்ச் சாவி தேய்ந்துபோனால் மிதிக்காமலேயே இரண்டாவது அடியும் இறங்கும். அண்ணன் கையை விட்டது அந்த இரண்டாவது அடியில்.

நான் எழுதிய இரண்டு சொல்லின் விலை என்ன தெரியுமா? அந்தப் பகுதி அப்போது ஈ.எஸ்.ஐ. எல்லைக்குள் வரவில்லை. 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தின்படிதான் பணம் வர வேண்டும். விபத்துக்கு நேரடிக் காரணம் தொழிலாளியின் போதை என்றால், மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டாலொழிய முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை என்று அந்தச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. இரண்டு விரல் போனது முழு ஊனம் ஆகாது. ரத்தத்தில் எவ்வளவு மது இருந்தது என்று யாரும் சோதிக்கவில்லை. மூக்குதான் சோதனைக் கருவி, என் பேனாதான் தீர்ப்பு.

மறுநாள் இரண்டாவது அறிக்கை எழுதிக் கொடுத்தேன். "எழுதினது எழுதினதுதான்" என்றார்கள். ஷிஃப்ட் நோட்டின் பக்கங்களோடு தொழிலாளர் துறை விசாரணையில் போய் நின்றேன். ஒன்றேகால் வருஷம் கழித்து அண்ணனுக்குப் பணம் வந்தது. அந்த வேலையில் நான் அதிக நாள் நீடிக்கவில்லை. அது வேறு கதை.

இதற்குப் பிறகுதான் இந்த விஷயங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்தபோது ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. நான் செய்த இதே தப்பை 130 வருஷத்துக்கு முன்பு இந்தியா முழுக்கச் செய்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள்.

வருஷம் 1893. நம் புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். சேஷய்யா சாஸ்திரியாரின் நிர்வாகத்தின் கடைசிக் காலம். சுற்றிலும் இருந்த திருச்சி, தஞ்சை, மதுரை ஜில்லாக்களில் பிரிட்டிஷ் ஆட்சி. சென்னையில் 1794-லேயே பைத்தியக்கார ஆஸ்பத்திரி வந்துவிட்டது. 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. நாடெங்கும் இருந்த இத்தகைய காப்பகங்களின் வருடாந்தர அறிக்கைகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது: கஞ்சாவினால் பைத்தியம் பிடித்தவர்கள் ஏராளம். இது லண்டன் பாராளுமன்றம் வரை போயிற்று. அதன்பேரில் அந்த வருஷம் ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். இந்தியக் கஞ்சா மருந்துகள் கமிஷன் என்று பெயர். தலைவர் மாக்வொர்த் யங். உறுப்பினர் ஏழு பேரில் மூவர் இந்தியர். 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள்.

கமிஷன் செய்த நல்ல காரியம், காப்பகப் புள்ளிவிவரத்தை அப்படியே நம்பாததுதான். 'காரணம்: கஞ்சா' என்று பதிவேட்டில் எழுதியது யார், எதைப் பார்த்து எழுதினார் என்று பின்னோக்கிப் போனார்கள். விஷயம் இப்படி இருந்தது. தெருவில் ஒருவர் பிதற்றிக்கொண்டு திரிவார். போலீஸ்காரர் பிடித்து மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோவார். காப்பகத்துக்கு அனுப்ப ஒரு விவரப் பட்டியல் வேண்டும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். கட்டத்தைக் காலியாக விட்டால் மேலதிகாரி கேள்வி கேட்பார். கஞ்சா குடிப்பவனா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், ஆமாம் என்று யாராவது சொன்னால் போதும், கட்டம் நிரம்பிவிடும். போலீஸ் எழுதியதைக் குமாஸ்தா நகல் எடுப்பார். அதை டாக்டர் பதிவேட்டில் ஏற்றுவார். பதிவேட்டிலிருந்து வருடாந்தர அறிக்கை. அறிக்கையிலிருந்து விஞ்ஞானம்!

1892-ல் காப்பகங்களில் சேர்க்கப்பட்டவர்கள் 1,344 பேர். அதில் 222 பேருக்குக் கஞ்சா காரணம் என்று எழுதியிருந்தது. ஒவ்வொருவரின் ஊருக்கும் ஆள் அனுப்பி, உறவினரையும் ஊர்க்காரரையும் கேட்டு, மறுபடி சரிபார்த்தார்கள். கஞ்சாவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று மிஞ்சியவர்கள் 98 பேர். கஞ்சாவைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை என்று நின்றவர்கள் 61 பேர்தான். மற்றவர்களில் பலருக்குப் பரம்பரை, காய்ச்சல், துக்கம் என்று வேறு காரணங்கள் வெளிப்பட்டன. சிலருக்குப் பைத்தியம் பிடித்த பிறகுதான் கஞ்சாப் பழக்கமே வந்திருந்தது. எது முன்னால், எது பின்னால் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. இந்த அறிக்கைகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பின்வரிசைத் தம்பிகள் 'அண்ணன் கஞ்சா கெடுதல் இல்லைன்னுட்டாரு' என்று ஹாஸ்டலில் போய்ச் சொல்லிவிடக் கூடாது. கமிஷனே, அளவுக்கு மீறினால் மனத்தைக் கெடுக்கும் என்று சொல்லித்தான் இருக்கிறது. 1987-ல் ஸ்வீடனில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது பதிவான 45,000-க்கு மேற்பட்ட இளைஞர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியானது. அதிகம் கஞ்சா புகைத்தவர்களிடையே மனச்சிதைவு நோய் பல மடங்கு கூடுதலாக இருந்தது. அவர்கள் புகைத்ததை நோய்க்கு முன்பே கேட்டுக் குறித்து வைத்திருந்தார்கள். போலீஸ் குமாஸ்தாவின் கட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். முறையாக அளந்தால் உண்மையான கெடுதலும் கண்ணுக்குத் தெரியும். தவிர, 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதே குற்றம்.

சட்டத்துக்கு வருவோம். 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் 84-ஆம் பிரிவில் சித்தம் கலங்கியவருக்கு விலக்கு தந்தது. 85, 86-ஆம் பிரிவுகள் போதையைப் பற்றியவை. பிறர் ஏமாற்றியோ பலவந்தப்படுத்தியோ குடிக்க வைத்து அறிவு மயங்கியிருந்தால்தான் விலக்கு. தானாகக் குடித்துவிட்டு 'எனக்கு ஒன்றும் தெரியாது சாமி' என்று சொல்ல முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 22, 23, 24-ஆம் பிரிவுகளாக இதே ஏற்பாடு தொடர்கிறது. கோர்ட்டுக்கு வேண்டியது, அந்த நேரத்தில் அவருடைய அறிவு எப்படி இருந்தது என்பது. அதைச் சொல்லத்தான் மனநல மருத்துவர் கூண்டேறுகிறார்.

மருத்துவத்தின் கேள்வி வேறு. தெரிந்தும் ஏன் இவரால் நிறுத்த முடியவில்லை? 1804-ல் தாமஸ் டிராட்டர் என்ற டாக்டர் குடிவெறியை மனத்தின் நோய் என்று எழுதினார். 1849-ல் ஸ்வீடன் நாட்டு மாக்னஸ் ஹுஸ் அதற்கு 'ஆல்கஹாலிசம்' என்று பெயர் வைத்தார். 1954-ல் ஓல்ட்ஸ், மில்னர் இருவரும் எலியின் மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மின்கம்பி வைத்தார்கள். அந்த மின்சாரத்துக்காக எலி திரும்பத் திரும்ப நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருந்தது. ஆசைக்கும் மூளையில் ஒரு வயரிங் உண்டு என்று அப்போது புரிந்தது. நம் 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதைக் காரியத்தில் காட்டியவர் சாந்தி ரங்கநாதன் அம்மையார். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தது 1979-ல். மறு வருஷமே கணவர் பெயரில் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்து தங்கக் கிராமத்துக்காரரால் முடியாது, கூலி போய்விடும் என்று பார்த்து, 1989-லிருந்து இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் நடத்தினார்கள். நோயாளி ஊரைத் தேடிப் போகாமல் சிகிச்சை ஊரைத் தேடி வந்தது. குடும்பத்தையும் கூட உட்கார வைத்துப் பேசினார்கள். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மறுபடி அறந்தாங்கி அண்ணனிடம் வருகிறேன். இழப்பீட்டுப் பணம் வந்த அன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, விரலுக்கு நீங்க பதில் எழுதிட்டீங்க. குடிக்கு யாரு எழுதறது?"

எனக்குப் பதில் வரவில்லை. மிஷின் பழுது என்பதும் உண்மை, அண்ணனுக்குக் குடிநோய் இருந்தது என்பதும் உண்மை. முதலில் குடியை மட்டும் பார்த்து மிஷினை விட்டேன். பிறகு மிஷினை நிரூபிக்கிற வேகத்தில் குடியை விட்டுவிட்டேன். அடுத்த வாரம் அவரை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். இரண்டு தடவை நிறுத்தி மறுபடி தொடங்கினார். மூன்றாவது தடவை நின்றது. இப்போது ஊரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அண்ணி முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

2019-ல் வெளியான, எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய தேசிய ஆய்வின்படி, மதுவைச் சார்ந்துவிட்ட 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு உதவி கிடைக்கிறது. மற்ற 37 பேருக்குப் பெயர் மட்டும் கிடைக்கிறது. நம் புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடலாம். தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

தம்பி தங்கையரே, நாளைக்கு நீங்கள் இன்ஜினியராக, ஆசிரியராக, தாசில்தாராக, போலீஸ் அதிகாரியாக உட்காருவீர்கள். ஏதோ ஒரு படிவம் உங்கள் முன்னால் வரும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கும். விசாரித்துவிட்டு எழுதுங்கள். விசாரிக்க நேரம் இல்லையென்றால் 'விசாரணையில் உள்ளது' என்று எழுதுங்கள். மேலதிகாரி திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டத்தை நிரப்பியாகிவிட்டது என்று எழுந்து போய்விடாமல், அந்த ஆளின் வீட்டில் ஒரு தடவை காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

செயலாளர் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பாய்லரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்ற திருப்தியோடு முடிக்கிறேன்.