பல கணிப்பும் ஒரு முடிவும்



2012-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் பின்னிரவில் தில்லியில் இருந்த தமிழர்கள் அந்த இருளை மறந்திருக்கமாட்டார்கள். பீனாவையும் குவாலியரையும் இணைக்கும் 400 கிலோவோல்ட் மின்தடம் ஒன்று விலகிற்று. அதன் சுமை அண்டைத் தடங்களின்மேல் விழுந்தது; அவையும் ஒன்றன்பின் ஒன்றாக விலகின; வட இந்தியா இருண்டது. மறுநாள் பிற்பகல் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்தே வீழ்ந்தன. அன்று அறுந்த சுமை ஏறத்தாழ 48,000 மெகாவாட்.

ஆனால் ஆந்திரத்துச் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம்மவரை அந்த வீழ்ச்சி தீண்டவில்லை. தென்னகத்து மின் தொகுப்பு அக்காலத்தில் வடக்கோடு ஒரே தாளத்தில் ஓடாமல் தனித்து நின்றதே காரணம். 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் இணைந்தது. அன்றுமுதல் நாடு முழுவதும் ஒரே தொகுப்பு. நொடிக்கு ஐம்பது சுற்று என்பதே அதன் பொதுத் தாளம். ஓரிடத்துக் குறையை மற்றோரிடத்து மிகுதி நிரப்புகிறது. ஆயினும் செல்வத்தில் கூடியவர் துன்பத்திலும் கூடவேண்டுமன்றோ? குவாலியரின் அதிர்ச்சி இனிச் சித்தூரையும் எட்டலாம். அங்குள்ள உழவரின் ஆழ்குழாய்க் கிணறும், மாங்கூழ் ஆலையும், திருப்பதி மருத்துவமனையின் அறுவைக் கூடமும் இந்த ஒரே தொகுப்பை நம்பியிருக்கின்றன.

எந்த ஒரு தடம் விலகினும் எஞ்சியவை தாங்கவேண்டும் என்பது மின் தொகுப்பின் முதல் விதி. தாங்குமா என்று ஒவ்வொரு தடத்துக்கும் முழுக் கணக்குப் போட்டுப் பார்க்க நேரம் பிடிக்கும்; அபாயமோ காத்திராது. ஆதலால் ஆயிரக்கணக்கான கற்பனை விபத்துகளை முன்கூட்டியே கணித்து, அவற்றைக் கணிப்பொறிக்குப் பாடமாகப் புகட்டுகிறார்கள். பாடம் கற்ற கணிப்பு முறை, 'பத்திரம்' அல்லது 'அபாயம்' என்று கணத்தில் விடை கூறுகிறது.

ஒரே முறையை நம்பலாமா? நூற்றுக்குப் பத்து முறை தவறும் மூன்று கணிப்புகளைக் கொள்வோம். இரண்டு சொல்வதே முடிவு என்று வைத்தால், ஆயிரத்தில் நூறாக இருந்த தவறு இருபத்தெட்டாகக் குறையும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒன்றின் தவறு மற்றொன்றின் தவறோடு தொடர்பற்று இருக்கவேண்டும். ஒருவனைப் பார்த்து மற்ற இருவரும் எழுதிய விடைத்தாளில் மூன்று விடை இருந்தும் பயனில்லை. எனவே முறைகளும் வேறுபடவேண்டும். அவை கற்ற பாடங்களும் வேறுபடவேண்டும்.

திருப்பதிக்கு அருகே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்குள்ள ரேடார் வான்வெளியின் காற்றோட்டத்தை அளக்கிறது. வானிலை அறிஞரும் ஒரே கணிப்போடு நில்லார். தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றிப் பலமுறை கணித்து, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்ப்பார்கள். விடைகள் ஒன்றுபட்டால் துணிவு, சிதறினால் எச்சரிக்கை. வெயிலையும் காற்றையும் நம்பி மின்சாரம் எடுக்கும் இந்நாளில் மின் தொகுப்புக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. இல்லாத அபாயத்தை உண்டென்று சொன்னால் சிறிது பொருள் வீணாகும். உள்ள அபாயத்தை இல்லையென்று சொன்னால் ஊரே இருளும். இவ்விரு பிழைகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. ஆகவே மூன்றில் ஒன்று மட்டும் 'அபாயம்' என்றாலும், பெரும்பான்மையைக் காட்டி அதன் வாயை அடைக்கலாகாது. அந்நிலைக்கு முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்த பின்னரே அமைதி கொள்ளவேண்டும்.

கணிப்புகள் கூறுவது ஆலோசனை. தென்னகத்தின் மின்சுமையைக் கண்காணிக்கும் நிலையம் பெங்களூரில் இருக்கிறது. அங்கே விழித்திருக்கும் பொறியாளரே முடிவு செய்கிறார். ஓரிடத்தில் உற்பத்தியை உயர்த்தி, மற்றோரிடத்தில் தாழ்த்தி, தடத்தின் சுமையை அவர் இறக்கிவைக்கிறார். நேயர்களே, நாம் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் நம் இல்லத்து விளக்கும் சித்தூரில் உள்ள உறவினர் இல்லத்து விளக்கும் இன்று ஒரே தாளத்தில் எரிகின்றன. அத்தாளம் பிசகாமல் காப்பதற்குப் பல கணிப்புகள் வேண்டும். அவற்றுள் தனித்து ஒலிக்கும் குரலையும் கேட்கும் செவி வேண்டும்.