கரிக்கு மேலே கிடந்த மண்

அசாமில் திக்பாய் என்ற ஊரை எண்ணெய் உண்டாக்கியது. நம் பக்கம் நெய்வேலியை உண்டாக்கியது பழுப்பு நிலக்கரி. அங்கே ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டார்கள். கறுப்பாக வேறொன்று வந்தது! அந்தக் கரியை எடுக்க 1956-இல் ஒரு நிறுவனம் பிறந்தது, 1961-இல் கரி வெளியே தெரிந்தது. சுரங்கத்தில் நிரந்தர வேலை கிடைத்தவர் வீட்டுக்குக் குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கூடவே வந்தன. நிலம் கொடுத்துவிட்டுப் போன குடும்பங்களின் மனக்குறை மட்டும் இன்னும் தீரவில்லை.

கரியை எடுக்க மேல்மண்ணை வெட்ட வேண்டும் அல்லவா? அதில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. அந்த மண் பக்கத்து ஊரான விருத்தாசலத்துக்கு வந்து ஃபியூஸ் கட்டையாக, அகல் விளக்காக, கொலு பொம்மையாக மாறியது. பீங்கான் தொழிலைச் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையமே அங்கே இருக்கிறது. அச்சில் வார்ப்பது, பிசிறு சீவுவது, வண்ணம் தீட்டுவது என்று பாதி வேலை பெண்கள் கையில்தான். இவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. அடைமழை பிடித்தால் பொம்மை காயாது, வேலையும் நின்றுபோகும். ஒரே மண்தான், ஆனால் இரண்டு விதமான பிழைப்பு.

வருகிற நவராத்திரிக்குக் கடைக்குப் போனால், "விருத்தாசலம் பொம்மை இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.