ஏட்டம்மாவின் கையெழுத்து

வம்பன்னு சொன்னா புதுக்கோட்டைக்காரங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது உளுந்துதான். ஆலங்குடி பக்கத்துல இருக்கிற அந்த ஊர்ல பயறு ஆராய்ச்சி மையம் இருக்கு. 2024 ஜூலை 11-க்கு அப்புறம் இன்னொண்ணும் ஞாபகம் வருது. அன்னைக்கு வம்பன் காட்டுப் பகுதியில, திருச்சியைச் சேர்ந்த துரைங்கிறவரை போலீஸ் சுட்டுக் கொன்னது. பிடிக்கப் போனப்போ எஸ்.ஐ.யை ஆயுதத்தால தாக்கினார், தற்காப்புக்காகச் சுட்டோம்ங்கிறது போலீஸ் தரப்பு.

அது பொய்னு நான் சொல்ல வரல. என் கேள்வி வேற. இப்படி ஒரு சம்பவத்துல நடந்தது வேற மாதிரி இருந்தா, அதை யாரால சொல்ல முடியும்? காட்டுக்குள்ள டீக்கடை கிடையாது, சிசிடிவி கிடையாது. சுடப்பட்டவர் பேசப் போறதில்ல. மிச்சம் இருக்கிறது கூடப் போன போலீஸ்காரங்க மட்டும்தான்.

என்கவுன்ட்டர் நடந்தா எஃப்ஐஆர் போடணும், சிஐடியோ வேற ஸ்டேஷன் போலீஸோ விசாரிக்கணும், மாஜிஸ்ட்ரேட் விசாரணை நடக்கணும், சுட்டவருக்குக் கையோட பதவி உயர்வு தரக் கூடாதுன்னு 2014-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. நல்ல விதிகள்தான். ஆனா விசாரிக்கிறவர்கிட்ட உள்ளே இருந்த ஒருத்தர் வாயைத் திறக்கணுமே!

ஒருத்தர் திறந்தாங்க. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம், 2020 ஜூன். ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ். கொரோனா ஊரடங்குல கைதாகி, அடி வாங்கி, அடுத்தடுத்து இறந்துபோனாங்க. விசாரிக்க ஸ்டேஷனுக்குப் போன மாஜிஸ்ட்ரேட் பாரதிதாசனையே அங்க இருந்த காவலர் ஒருத்தர் மரியாதை இல்லாம பேசினார். சிசிடிவி பதிவு தினமும் தானா அழியிற மாதிரி வச்சிருந்தாங்க. ஆக, கேமராவும் இல்ல. அப்போதான் தலைமைக் காவலர் ரேவதி, ராத்திரி முழுக்க அடிச்சாங்க, லத்தியிலயும் மேசையிலயும் ரத்தக்கறை இருந்துச்சுன்னு சொன்னாங்க. சொல்லிட்டாங்களே தவிர, வாக்குமூலத்துல கையெழுத்துப் போட அவ்வளவு தயங்கினாங்க. பாதுகாப்பு உண்டுன்னு உறுதி சொன்ன பிறகுதான் போட்டாங்க. அப்புறம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவங்களுக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு கொடுக்கச் சொல்லுச்சு.

நாடே பார்த்துட்டிருந்த வழக்கு அது. யாரும் பார்க்காத வழக்குல ஒரு ஏட்டு என்ன செய்வார்? மெமோ வரலாம், 3 பி வரலாம், தூரத்து ஆயுதப்படைக்கு மாத்தலாம். பத்திரிகைகிட்ட பேசலாம்னா, 1966-ம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு போலீஸ்காரங்க அனுமதியில்லாம பேசுறதைத் தடுக்குது. முறைகேட்டை வெளியே சொல்றவங்களைப் பாதுகாக்க 2014-ல நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றுச்சு. அதை இன்னும் நடைமுறைக்கே கொண்டு வரல. எனக்கு ரொம்பக் கோபம் வர்ற இடம் இதுதான்.

சரி, போலீஸ் மேல புகார் சொல்ல ஆணையம் இருக்கேன்னு கேப்பீங்க. ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில அமைக்கணும்னு 2006-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டோட 2013 சட்டம் என்ன பண்ணுச்சு தெரியுமா? மாநில அளவில உள்துறைச் செயலர் தலைவர், டிஜிபி உறுப்பினர். மாவட்டத்துல கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். அதாவது ஆலங்குடியில ஒரு ஏட்டு, தன் இன்ஸ்பெக்டரைப் பத்திப் புகார் எழுதினா, அதை வாங்கிப் படிக்கிறவங்கள்ல ஒருத்தர் அந்த இன்ஸ்பெக்டரோட எஸ்.பி.